டிரெய்லருக்கு லித்தியம் பேட்டரி: வாங்குவதற்கு முன் சில கணக்குகள்

கேள்வி: அண்ணா, வணக்கம். எங்களிடம் 21 அடி டிராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள வீடு) இருக்கிறது. போன அக்டோபர் தொடக்கத்தில், இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்கக் குடும்பத்தோடு அல்கான்குவின் பூங்காவுக்குப் போனோம். கிடைத்தது கரண்ட் இல்லாத கேம்ப் சைட். இரண்டாம் நாள் இரவு மூன்று மணிக்கு, உள்ளே சூடேற்றும் ஃபர்னஸ் நின்றுவிட்டது. விளக்குகள் எரிந்தன, கேஸ் சிலிண்டரும் பாதிக்கு மேல் இருந்தது. ஆனால் சூடு வரவில்லை. பிள்ளைகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். பேட்டரி குரூப் 27 என்ற அளவில் உள்ள லெட் ஆசிட் (ஈய-அமில) வகை. முன்பக்க இரும்புச் சட்டத்தின் மேல் பெட்டிக்குள் இருக்கிறது. டிரெய்லர் விற்றவர், "100 ஏ.எச். (ஆம்ப்-அவர், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) லித்தியம் இரண்டு வாங்கி அப்படியே மாட்டுங்கள், வேறெதையும் தொட வேண்டாம்" என்கிறார். என் மைத்துனரோ, லித்தியம் தீப்பிடிக்கும், பிள்ளைகள் தூங்கும் வண்டியில் அது வேண்டவே வேண்டாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகர், பிராம்ப்டன்

பதில்: வணக்கம் தம்பி. லித்தியம் போடுங்கள். ஆனால் இரண்டு வேண்டாம், ஒன்று போதும். மிச்சமாகும் பணத்தை, விற்றவர் தொட வேண்டாம் என்று சொன்ன அந்த "வேறெதையும்" சரிசெய்வதற்குச் செலவிடுங்கள். ஒன்டாரியோவில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்க்கும் நான், நண்பர்களின் டிரெய்லர்களுக்கு இந்த வயரிங்கைச் செய்து கொடுத்திருக்கிறேன். பேட்டரியை மாற்றுவது அரை மணி நேர வேலை. அதற்குச் சார்ஜ் எங்கிருந்து வருகிறது, குளிரில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற இரண்டும்தான் உண்மையான வேலை.

முதலில் அன்றிரவு நடந்தது என்ன என்று பார்ப்போம். ஃபர்னஸ் எரிவது புரொபேனில் என்றாலும் அதன் விசிறி சுற்றுவது பேட்டரியில். உங்கள் அளவு டிரெய்லரில் அந்த விசிறி ஓடும்போது 7 ஆம்ப் அளவுக்கு இழுக்கும். வெளியே பூஜ்யத்தை ஒட்டிய குளிர் என்றால் இரவில் பாதி நேரமாவது ஓடும். ஒன்பது மணி நேர இரவுக்கு 30 ஏ.எச். ஆயிற்று. விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு, அணைக்கவே முடியாத கேஸ் டிடெக்டர் எல்லாம் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 40 ஏ.எச். என்று வையுங்கள். குரூப் 27 பேட்டரியின் கொள்ளளவு 90 ஏ.எச். அளவில் இருக்கும். லெட் ஆசிட்டைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். குளிரில் அந்தக் கொள்ளளவும் சுருங்கும். ஆக, முதல் இரவிலேயே உங்கள் பங்கு முடிந்துவிட்டது. இரண்டாம் இரவு மூன்று மணிவரை ஓடியதே அதிகம்.

விளக்கு எரிந்தும் ஃபர்னஸ் நின்றதற்குக் காரணம் உண்டு. காற்று போதிய வேகத்தில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சுவிட்ச் ஒன்று ஃபர்னஸுக்குள் இருக்கிறது. செயில் சுவிட்ச் என்பார்கள். வோல்ட் இறங்கினால் விசிறியின் வேகம் குறையும், அந்த சுவிட்ச் மூடாது, சுவிட்ச் மூடாமல் கேஸ் திறக்காது. எல்.இ.டி. விளக்கோ வோல்ட் நன்றாக இறங்கினாலும் எரிந்துகொண்டிருக்கும். ஆகவே ஃபர்னஸைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிடாதீர்கள். அதில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு.

லித்தியத்தின் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. நீங்கள் வாங்க வேண்டிய லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி கிட்டத்தட்டக் காலியாகும்வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், விசிறி கடைசிவரை முழு வேகத்தில் சுற்றும். 100 ஏ.எச்.-இல் 90-ஐத் தயங்காமல் எடுக்கலாம். அதாவது உங்கள் கணக்கில் இரண்டு முழு இரவுகள். எடையும் ஏறக்குறைய பாதி: குரூப் 27 சுமார் 25 கிலோ, இது 12 கிலோவுக்குள்.

இனி மைத்துனரின் பயம். அது நியாயமான பயம்தான். தீப்பிடித்ததாகச் செய்தியில் வரும் ஃபோன், மின்சார ஸ்கூட்டர் பேட்டரிகளில் பெரும்பாலும் கோபால்ட், நிக்கல் ஆக்சைடுகள் இருக்கும். அளவுமீறிச் சூடானால் அந்த ஆக்சைடே ஆக்சிஜனை வெளிவிட்டுத் தன் தீயைத் தானே வளர்க்கும். பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருக்கிறது, எளிதில் பிரிந்து வராது. இந்த வகைப் பொருளுக்குப் பாதை போட்டவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர் என்பதை மைத்துனரிடம் அவசியம் சொல்லுங்கள். தென் தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980-களில் லித்தியம் பேட்டரி ஆய்வாளர் ஜான் குட்இனஃப்புடன் சேர்ந்து, வெறும் ஆக்சைடுக்குப் பதிலாக இரும்பு சல்ஃபேட் போன்ற சேர்மங்களை ஆராய்ந்தார். அந்த வழியில்தான் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃப்பின் குழு 1997-இல் இரும்பு பாஸ்பேட்டைப் பற்றி எழுதியது. 2019-இல் குட்இனஃப்புக்கு வேதியியல் நோபெல் கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபெல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரம்தான். எனக்கு இதைச் சொல்வதில் அத்தனை மகிழ்ச்சி.

இதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கலாம் என்று அர்த்தமில்லை. இந்த பேட்டரியை வைத்த டிரெய்லரில் நான் அஞ்சுவது செல்லை அல்ல, வயரை. ஷார்ட் ஆனால் லித்தியம் ஒரு நொடியில் கொட்டும் மின்சாரம் லெட் ஆசிட்டைவிட மிக அதிகம். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். முனைகளின் நட்டை முறுக்கி, முதல் பயணத்துக்குப் பிறகு மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். தளர்ந்த முனை சூடாகும். தீ அங்கிருந்துதான் தொடங்கும்.

அடுத்து குளிர். விற்றவர் சொல்லாமல் விட்ட முக்கியமான விஷயம் இது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. அந்தக் குளிரில் லித்தியம், செல்லுக்குள் இருக்கும் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேல் உலோகமாகப் படியும். படிந்ததில் ஒரு பகுதி திரும்பி வராது. கொள்ளளவு நிரந்தரமாகப் போகும், உள்ளேயே ஷார்ட் ஆகவும் இடமுண்டு. எடுத்துப் பயன்படுத்துவதற்குப் பெரும்பாலான பேட்டரிகள் மைனஸ் 20 வரை தாங்கும். தடை சார்ஜுக்குத்தான். பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்ற காவல் பலகை இருக்கிறது. குளிரில் சார்ஜைத் தடுக்கும் வசதி அதில் உண்டா என்று வாங்கும்முன் விவரத் தாளில் எழுத்தில் பாருங்கள். விலை குறைந்த சிலவற்றில் இருக்காது. தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும் பேட்டரியும் கிடைக்கிறது. ஆனால் உங்கள் டிரெய்லருக்கு அதைவிட எளிய வழி, பேட்டரியை முன்சட்டத்திலிருந்து எடுத்து உள்ளே, சாப்பாட்டு மேசை இருக்கைக்கு அடியில் வைப்பது. லெட் ஆசிட்டைச் சும்மா உள்ளே வைக்க முடியாது, ஹைட்ரஜன் வெளிவரும். லித்தியம் மூடிய பெட்டி, வழக்கமான சார்ஜில் வாயு விடாது. நீங்கள் தூங்கும் அறையின் சூட்டிலேயே அதுவும் இருக்கும். ஃபர்னஸை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். வயரின் தூரம் கூடுவதால் அதைத் தடிமனாக்குங்கள். சில அடிகளுக்கு 4 கேஜ் போதும்.

அப்படி இடம் மாற்றும்போது ஒன்றை மறக்கவே கூடாது: பிரேக்அவே சுவிட்ச். ஓடும்போது டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றுவிட்டால், அந்த சுவிட்சில் செருகியிருக்கும் ஊசி (பின்) உருவப்பட்டு, டிரெய்லரின் பேட்டரியிலிருந்தே பிரேக் பிடிக்க வேண்டும். அந்த வயர், பேட்டரியைத் துண்டிக்கும் டிஸ்கனெக்ட் சுவிட்சுக்கு முன்னால், பேட்டரியோடு நேராக இணைந்திருக்க வேண்டும். முன்பக்கத்து எலக்ட்ரிக் ஜாக்கின் வயரும் அங்கேதான் இருக்கும், அதையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். லித்தியத்தில் கூடுதல் கவனம் வேண்டியது எதற்கென்றால், சார்ஜ் தீர்ந்தால் பி.எம்.எஸ். மொத்தமாகத் துண்டித்துவிடும். லெட் ஆசிட்டைப் போல மிச்சம் மீதி கொடுத்துக்கொண்டிருக்காது. அப்போது பிரேக்அவேயும் செத்ததுதான். காலியான பேட்டரியோடு டிரெய்லரை இழுக்காதீர்கள். கிளம்பும்முன் பின்னை உருவி, வண்டியை மெல்ல நகர்த்தி, சக்கரம் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள். பிள்ளைகளோடு 400-ஆம் நெடுஞ்சாலையில் போகிறீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சார்ஜ் எப்படி வருகிறது என்பதற்கு வருவோம். சைட்டில் பிளக் போட்டால் டிரெய்லரின் கன்வர்ட்டர் (வெளிக் கரண்டை 12 வோல்ட் அளவுக்கு மாற்றும் கருவி) சார்ஜ் செய்யும். பழைய கன்வர்ட்டர்கள் லெட் ஆசிட்டை மனத்தில் வைத்து 13.6 வோல்ட்டிலேயே நின்றுவிடும். லித்தியத்துக்கு வேண்டியது 14.2-இலிருந்து 14.6. 13.6-இலும் ஏறும், ஆனால் மெதுவாக ஏறும், முழுதாக நிரம்பாது. பெரும்பாலான பேட்டரிகளில் உள்ளே இருக்கும் நான்கு செல்களைச் சமப்படுத்தும் வேலை உச்சியை நெருங்கும்போதுதான் நடக்கும். உங்கள் கன்வர்ட்டரின் லேபிளைப் பாருங்கள். லித்தியம் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் முழுப் பெட்டியை மாற்ற வேண்டாம், அதற்குள் இருக்கும் கன்வர்ட்டர் பலகையை மட்டும் மாற்றப் பல மாடல்களுக்கு வழி உண்டு.

ஓடும்போது, வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் 7-பின் பிளக் வழியாக வரும் சார்ஜை நம்பாதீர்கள். நீண்ட மெல்லிய வயரில் வோல்ட் இறங்கி இறங்கி, டிரெய்லரை எட்டும்போது லித்தியத்தின் சொந்த வோல்ட்டுக்கு மேல் பெரிதாக எதுவும் மிஞ்சாது. சில வண்டிகளில், எஞ்சினை நிறுத்தியதும் 13.2-இல் இருக்கும் லித்தியம், 12.6-இல் இருக்கும் வண்டியின் பேட்டரிக்குத் தானே மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். இதற்கு, வண்டியிலிருந்து வரும் வோல்ட்டைச் சார்ஜுக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்தும் டி.சி-டி.சி சார்ஜர் ஒன்று போடுங்கள், 18 ஆம்ப் அளவு போதும். அதைவிடப் பெரியது 7-பின் வயரின் ஃபியூஸைத் தாண்டிப் போய்விடும். பிராம்ப்டனிலிருந்து அல்கான்குவினுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவீர்கள் அல்லவா, அதிலேயே 50 ஏ.எச். ஏறிவிடும். இரண்டாவது பேட்டரிக்குக் கொடுக்கவிருந்த பணத்தை இதற்குக் கொடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சோலார் இருந்தால் அதன் கன்ட்ரோலரிலும் லித்தியம் என்று மாற்றிவிடுங்கள். மேப்பிள் மர நிழலில், அக்டோபர் வெயிலில், அதிலிருந்து அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசியாக ஒரு ஷன்ட், அதாவது மின்சாரத்தை அளக்கும் கருவி. சுவரில் நான்கு விளக்கு எரிந்து பேட்டரி நிலையைக் காட்டும் பலகை இனிப் பயன்படாது. லித்தியத்தின் வோல்ட் முக்கால் வாசியிலும் கால் வாசியிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். பலகை "நிறைய இருக்கிறது" என்றே சொல்லிக்கொண்டிருந்து திடீரென்று அணையும். ஷன்ட் உள்ளே போன, வெளியே வந்த ஆம்ப்களை எண்ணிச் சொல்லும். நெகட்டிவ் வயர்கள் ஒன்று விடாமல் அதன் வழியாகப் போக வேண்டும்.

கேள்வி: லித்தியம் போட்ட பிறகு இன்வெர்ட்டர் வைத்து ரைஸ் குக்கர், மிக்ஸி, மைக்ரோவேவ் எல்லாம் ஓட்டலாமா? ஏ.சி.?
— வாசகி, மிசிசாகா

பதில்: அம்மா, மிக்ஸிக்குத் தாராளமாக. 550 வாட் மிக்ஸி மூன்று நிமிடம் ஓடினால் இரண்டரை ஏ.எச். கூட ஆகாது. இன்வெர்ட்டர் பியூர் சைன் வகையாக இருக்கட்டும், மற்றதில் மோட்டார் சூடாகும். 500 வாட் ரைஸ் குக்கர் அரை மணி நேரத்தில் 22 ஏ.எச். வரை எடுத்துவிடும். 100 ஏ.எச். பேட்டரியில் கால்வாசியை ஒரு வேளைச் சோற்றுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. கேஸ் அடுப்பும் பிரஷர் குக்கரும் இருக்கும்போது எதற்கு? மைக்ரோவேவ் 1000 வாட் என்று எழுதியிருந்தாலும் இழுப்பது 1500-ஐத் தொடும். 12 வோல்ட்டில் அது 130 ஆம்ப்புக்கு மேல். 100 ஆம்ப் பி.எம்.எஸ். துண்டித்துவிடும். ஒரு பேட்டரிக்கு 1000 வாட் இன்வெர்ட்டர்தான் எல்லை. ஏ.சி.யை மறந்துவிடுங்கள், கரண்ட் உள்ள சைட்டைப் பதிவுசெய்யுங்கள்.

கேள்வி: குளிர்காலம் முழுவதும் லித்தியம் பேட்டரியை டிரெய்லரிலேயே விடலாமா?
— வாசகர், ஆட்டவா

பதில்: கழற்றி பேஸ்மென்டில் வையுங்கள். முன்பு லெட் ஆசிட்டை முழுச் சார்ஜில் வைத்திருப்பீர்கள், இல்லாவிட்டால் உறைந்து அதன் பெட்டி விரிசல் விடும். இதற்கு நேர்மாறு: பாதி அல்லது அதைவிடச் சற்று மேலே சார்ஜ் இருக்கட்டும், சார்ஜரில் மாட்டி வைக்க வேண்டாம். மாதத்துக்கு இரண்டு மூன்று சதவீதம்தான் தானாகக் குறையும். கழற்ற வழியே இல்லையென்றால் இரண்டு முனைகளையும் பிரித்து, சோலார் வயரையும் விலக்கிவிடுங்கள். வசந்தத்தில் டிரெய்லரைத் திறந்ததும் பிளக்கைச் செருகாதீர்கள். பகல் சூட்டில் பேட்டரியின் உடல் 5 டிகிரியைத் தாண்டட்டும், பிறகு சார்ஜ் செய்யுங்கள்.