ஹாபிட் கடைசிப் படத்தின் மேல் ரசிகர்களுக்கு ஏன் இத்தனை கோபம்? எந்தப் பதிப்பைப் பார்ப்பது?

கேள்வி: ஹாபிட் வரிசையில் முதல் இரண்டு படங்களைப் பார்த்துவிட்டேன். மூன்றாவதான 'தி பேட்டில் ஆஃப் தி ஃபைவ் ஆர்மீஸ்' பற்றி ஒருவர் உருகுகிறார், அடுத்தவர் தலையில் அடித்துக்கொள்கிறார். கதை முன்கூட்டித் தெரிந்தால் பரவாயில்லை. ஏன் இந்தப் பிளவு? தியேட்டர் வெர்ஷனா, காட்சிகளைக் கூட்டிய எக்ஸ்டெண்டட் எடிஷனா?

பதில்:

முதல் தடவை என்றால் தியேட்டர் வெர்ஷன். காரணம் கீழே வரும்.

பிளவைப் பற்றிக் கேட்டால், திட்டுகிறவர்களும் உருகுகிறவர்களும் பெரும்பாலும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பில்போ, குள்ளர்களோடு டிராகனின் மலைக்குப் போகும் அந்த ஹாபிட், அதாவது குட்டி மனிதன். அவன் இருக்கும் காட்சிகளை நினைத்து உருகுகிறார்கள், அவனைக் காணாத நீண்ட இடைவெளிகளை நினைத்துத் திட்டுகிறார்கள். எல்ஃப் ராஜா த்ராண்டுயில் வந்து நின்றாலே போதும் என்று ஒரு கூட்டம் உண்டு. அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

படங்களுக்கு மூலமான டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவல் 1937இல் வந்தது, மொத்தம் 19 அத்தியாயம். முதல் படம் 1 முதல் 6 வரை, இரண்டாவது 7 முதல் 13 வரை, மூன்றாவது 14 முதல் 19 வரை. 6, 7, 6 என்று பார்த்தால் நியாயமான பாகப்பிரிவினை மாதிரித்தான் தெரியும். ஆனால் கடைசி ஆறும் குட்டி அத்தியாயங்கள். போர் நடப்பது 17ஆவது அத்தியாயத்தில் மட்டும். அதிலும் பில்போ ஆளை மறைக்கும் மோதிரத்தை மாட்டிக்கொண்டு ஓர் ஓரமாக நிற்கிறான், கழுகுகள் வருவதைப் பார்த்துக் கத்துகிறான், தலையில் கல் விழுகிறது, மயங்கிவிடுகிறான். யார் ஜெயித்தார்கள் என்பது அவனுக்கு நினைவு திரும்பிய பிறகுதான் நமக்கும் தெரியும். படத்திலும் அவன் மயங்குகிறான். ஆனால் போர் நமக்கு நிற்பதில்லை. 144 நிமிடப் படத்தில் சுமார் முக்கால் மணி நேரம் அதுதான்.

இது எப்படி நேர்ந்தது? முதலில் திட்டம் இரண்டு படங்கள். 266 நாள் படப்பிடிப்பு 2012 ஜூலையில் முடிந்தது. அதே மாதக் கடைசியில்தான் மூன்று படங்கள் என்று அறிவித்தார்கள். இரண்டாகவே இருந்திருந்தால் டிராகன் ஸ்மாக்கின் சாவும் போரும் ஒரே படத்துக்குள், ஒன்றன் விளைவாக இன்னொன்று என்று ஓடியிருக்கும். மூன்றானதும், இரண்டாம் படம் டிராகன் பறந்து போவதோடு அந்தரத்தில் நிற்கிறது. மூன்றாம் படத்தில் தலைப்பு திரையில் வருவதற்குள்ளேயே டிராகன் செத்துவிடுகிறது. ஒரு வருடம் காத்திருந்து தியேட்டருக்குப் போனவர்கள் பாப்கார்னைப் பிரிப்பதற்குள் வில்லன் காலி. மீதிப் படம் முழுக்க அவன் விட்டுப்போன தங்கத்துக்கு அடிதடி.

தலைப்பையும் பாருங்கள். கடைசிப் படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'தேர் அண்ட் பேக் அகெய்ன்'. கதைக்குள் பில்போ தன் பயணத்தைப் பற்றி எழுதும் புத்தகத்தின் பெயர் அது. 2014 ஏப்ரலில் மாற்றினார்கள். பெயர் பில்போவிடமிருந்து போருக்குக் கைமாறியது.

புத்தகம் படித்தவர்களுக்கு வலிக்கும் இடம் ஸ்மாக்கின் சாவிலேயே இருக்கிறது. நாவலில் டிராகனின் மார்பில் கவசம் இல்லாத ஓர் இடத்தை பில்போ கண்டுபிடிக்கிறான். அவன் அதைக் குள்ளர்களிடம் சொல்லும்போது பக்கத்தில் இருந்த ஒரு பறவை கேட்டுக்கொண்டிருக்கிறது. அது ஏரி நகரமான லேக்டவுனுக்குப் பறந்து வந்து அங்குள்ள வில்லாளி பார்ட் காதில் சொல்ல, பார்ட் தன் அப்பா வழி வந்த கறுப்பு அம்பை சாதாரண வில்லில் பூட்டி அடிக்கிறான். ஆக, டிராகன் சாவில் பில்போவுக்கும் பங்குண்டு. படத்தில் அம்பு ஆள் உயர இரும்பு ஈட்டி. பார்ட்டின் வில் உடைந்துவிடுகிறது. உடைந்த இரண்டு துண்டையும் மணிக்கூண்டு மரத்தில் செருகி, குறுக்கே நாணை இழுத்து, மகன் தோளில் அம்பைச் சாய்த்து எய்கிறான். அவ்வளவு கனமான இரும்பு அந்த நாணில் எப்படிப் பாயும் என்று இயற்பியல் பேசிச் சிரித்தவர்கள் ஏராளம். என் பார்வையில் அது பெரிய குற்றமில்லை, அந்த நெருப்புக்கு நடுவே அப்பனும் மகனும் நிற்பது கண்ணுக்கு நன்றாகவே இருக்கிறது. பறவையை எடுத்ததுதான் இழப்பு. பில்போ கண்டது பார்ட்டுக்குப் போய்ச் சேருவதே இல்லை.

மற்ற புகார்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

படத்தில் ஆர்க்குகள் என்ற அரக்கக் கூட்டத்தின் (நாவலில் கோப்ளின்கள்) தலைவனாக வரும் அஸோக் நாவலில் உயிரோடு இல்லை, அவன் செத்துப் பல காலம் ஆகிவிட்டது. போரில் ஆர்க்குகளுக்குத் தலைமை தாங்குவது அவன் மகன் போல்க். அடிபட்ட குள்ளர் ராஜா தோரினைத் தூக்கிக் கொண்டுபோய் விட்டு, திரும்பி வந்து அந்த போல்க்கை நசுக்குவது கரடியாக மாறும் பியோர்ன். தியேட்டர் வெர்ஷனில் பியோர்ன் கழுகிலிருந்து குதிப்பதோடு சரி, கண் சிமிட்டினால் போயிற்று. எக்ஸ்டெண்டடில் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

டாரியல் என்ற எல்ஃப் பெண் நாவலில் இல்லாத பாத்திரம். காதல் முக்கோணம் (அவள், குள்ளன் கிலி, எல்ஃப் லெகோலஸ்) கூடாது என்ற நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டதாகவும், பின்னால் நடந்த கூடுதல் படப்பிடிப்பில் அது நுழைந்துவிட்டதாகவும் நடித்த எவாஞ்சலின் லில்லியே சொல்லியிருக்கிறார். ரசிகர்கள் கடுப்பானது பெண் பாத்திரம் சேர்த்ததற்கு அல்ல. சேர்த்துவிட்டு, கடைசிப் படத்தில் அழுவதைத் தவிர வேறு வேலை கொடுக்காததற்கு.

த்ராண்டுயிலின் மகன் லெகோலஸ் விழுந்துகொண்டிருக்கும் கற்களின் மேல் படியேறுவது போல ஓடும் காட்சி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மீம் போடாதவர்கள்தான் குறைவு.

'ஐந்து படை எது எது?' என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நாவலில் தெளிவு: ஒரு பக்கம் கோப்ளின்களும் ஓநாய்களும், எதிர்ப்பக்கம் எல்ஃப்கள், மனிதர்கள், குள்ளர்கள். படத்தில் ஓநாய்ப்படை தனியாக இல்லை, ஆர்க் படையோ டோல் குல்டுர் கோட்டையிலிருந்து ஒன்றும் குண்டபாட் கோட்டையிலிருந்து ஒன்றுமாக இரண்டாக வருகிறது, கடைசியில் கழுகுகளும் வருகின்றன. ஆளுக்கொரு கணக்குப் போடுகிறார்கள். படைக்கு நடுவே மண்ணைத் துளைத்து வரும் ராட்சதப் புழுக்களை இயக்குநர் பீட்டர் ஜாக்சன் சொந்தமாகக் கட்டிவிட்டார் என்று திட்டுவது மட்டும் பாதி தப்பு. நாவலின் முதல் அத்தியாயத்தில் பில்போ வாயாலேயே அந்தப் புழுக்களின் பெயர் வருகிறது. போருக்குக் கொண்டுவந்ததுதான் ஜாக்சன் வேலை.

கதை கெட்டிக்காரர்கள் பிடித்த ஒரு பிழை: கடைசியில் த்ராண்டுயில் மகனிடம், வடக்கே போய் ஸ்ட்ரைடரைத் தேடு என்கிறார். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாயகர்களில் ஒருவனான ஆரகார்னின் இன்னொரு பெயர் அது. நாவலின் காலவரிசைப்படி அப்போது ஆரகார்னுக்கு வயது 10, வேறு பெயரில் எல்ஃப்களின் ஊரான ரிவெண்டெலில் வளர்கிறான். ஆனால் படங்கள் தனிக் கணக்கில் ஓடுகின்றன. பில்போவின் பயணத்துக்கும் 'ரிங்ஸ்' கதைக்கும் நடுவே படத்தில் 60 வருடம். 'ரிங்ஸ்' வரிசையின் இரண்டாவதான 'டூ டவர்ஸ்' எக்ஸ்டெண்டடில் ஆரகார்ன் தன் வயது 87 என்கிறான். கழித்தால் 27. படத்துக்குள் கணக்கு இடிக்கவில்லை, புத்தகத்தோடு ஒப்பிட்டால்தான் இடிக்கும்.

சிஜி (கணினி வரைகலை) பற்றிய வசவு நியாயமானது. 'ரிங்ஸ்' படங்களில் ஆர்க்குகள் பெரும்பாலும் மேக்கப் போட்ட ஆட்கள். இங்கே அஸோக், போல்க் இருவருமே கணினி, குள்ளர் தலைவன் டைனின் முகமும் கணினி. ஏற்கெனவே இயக்கவிருந்த கியர்மோ டெல் டோரோ 2010இல் விலகியதும் ஜாக்சன் தலையில் விழுந்த வேலை இது, ஆயத்தத்துக்கு நேரம் இல்லை. எக்ஸ்டெண்டட் டிஸ்க்கில் உள்ள மேக்கிங் பகுதியில் அவரே ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார்: போரை எப்படி எடுப்பது என்று தீர்மானம் ஆகாததால் படப்பிடிப்பை நிறுத்தி அடுத்த வருடத்துக்குத் தள்ள வேண்டியதாயிற்று. அதைப் பார்த்த பிறகு நிறையப் பேருக்குக் கோபம் போய்ப் பரிதாபம் வந்தது.

'ரிங்ஸ்' வரிசையின் கடைசிப் படமான 'ரிட்டர்ன் ஆஃப் த கிங்' 2003இல் வந்தபோது மட்டும் எல்லோரும் திருப்தியாக வீடு போனார்கள் என்று நினைக்க வேண்டாம். வில்லன் மந்திரவாதி சாருமானின் காட்சியை வெட்டியதற்குப் பெரிய கலவரம், நடித்த கிறிஸ்டோபர் லீக்கே வருத்தம். நாவலில் ஆரகார்னுக்கு உதவும் ஆவிப்படை துறைமுகத்தில் கப்பல் பிடித்துக் கொடுப்பதோடு விடைபெறும். படத்தில் அதுவே தலைநகர்ப் போரை முடித்து வைக்கிறது, ராணுவமெல்லாம் எதற்குச் செத்தது என்று கேட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், சாதாரணப் பார்வையாளர்கள் படம் முடிந்தும் முடிந்தும் முடியவில்லை என்று புலம்ப, புத்தகக்காரர்கள் ஹாபிட்களின் ஊரான ஷயரை மீட்கும் அத்தியாயத்தைக் காணோமே என்று புலம்பினார்கள். ஒரே படத்துக்கு முடிவு ஜாஸ்தி, முடிவு கம்மி என்று இரண்டு புகாரும். ஆனாலும் 11 ஆஸ்கார் பரிந்துரைக்கு 11 விருதும் வாங்கியது, புகார்களும் காலப்போக்கில் அடங்கின. அதன் நாயகர்களான ஹாபிட்கள் ஃப்ரோடோவும் சாமும் கடைசிவரை படத்தின் நடுவிலேயே இருந்தார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்த காரணம்.

நீள விகிதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேலான 'ரிங்ஸ்' தியேட்டரில் 558 நிமிடம். அதில் மூன்றில் ஒரு பங்கு கூடத் தேறாத ஹாபிட் 474 நிமிடம், எக்ஸ்டெண்டட் என்றால் 532. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இனி எப்படிப் பார்ப்பது.

இரண்டாம் படத்தின் கடைசி அரை மணியை மறுபடி ஓட்டி, நிறுத்தாமல் மூன்றாம் படத்தைப் போட்டு, தலைப்பு வந்ததும் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்மாக் கதை அதன் படத்திலேயே முடிந்த மாதிரி இருக்கும். மறுநாள் தலைப்பிலிருந்து தொடங்கினால், இது தங்கப்பித்துப் பிடித்த ஒரு ராஜாவின் கதை என்று மனம் ஏற்றுக்கொள்கிறது. தோரினாக வரும் ரிச்சர்ட் ஆர்மிடேஜின் நடிப்பும் அப்போதுதான் எடுபடும்.

டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். தியேட்டரில் நொடிக்கு 48 ஃபிரேமில் ஓட்டி, சீரியல் மாதிரி இருக்கிறது என்று திட்டு வாங்கினார்களே, அந்தப் பதிப்பு டிஸ்க்கில் வரவில்லை. வீட்டில் கிடைப்பது 24 ஃபிரேம். அப்படியும் சீரியல் மாதிரித் தெரிந்தால் அது உங்கள் டிவி இடையில் ஃபிரேம் சேர்ப்பதால்.

எக்ஸ்டெண்டட் 164 நிமிடம், அதாவது 20 நிமிடம் கூடுதல். குள்ளர்களும் எல்ஃப்களும் நிஜமாகவே மோதிக்கொள்வது, பனி ஆற்றில் தேர் துரத்தல், லேக்டவுன் தலைவனின் கையாள் ஆல்ஃப்ரிட்டின் சாவு, தோரினின் இறுதிச் சடங்கு ஆகியவை இதில்தான். அமெரிக்காவில் இந்தப் பதிப்புக்கு மட்டும் ரத்தத்துக்காக 'ஆர்' சான்றிதழ், குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் கவனம். சேர்த்ததில் பெரும்பகுதி சண்டை என்பதால் ஏற்கெனவே நீளமான போர் இன்னும் நீள்கிறது. அதனால்தான் முதல் தடவைக்கு வேண்டாம் என்றேன். இறுதிச் சடங்கு மட்டும் தியேட்டரிலேயே இருந்திருக்க வேண்டியது. குள்ளர்களின் பொக்கிஷமான ஆர்க்கென்ஸ்டோன் கல் என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு அங்கேதான் பதில், தோரினின் மார்பில். படம் பார்த்து முடித்த பிறகு அதைத் தனியாகப் போட்டுப் பாருங்கள்.

மூன்றையும் வெட்டி ஒரே படமாக்கிய ஃபேன் எடிட்கள் பற்றியும் கேட்பார்கள். அவை அதிகாரபூர்வமானவை அல்ல. வெட்டுகிறவர்கள் எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்பது சுவாரஸ்யம். டாரியலை எடுத்தால், கிலிக்கு விஷ அம்புக் காயம் எப்படி ஆறியது என்று சொல்ல ஆளில்லை. காயத்தையே எடுத்தால் நான்கு குள்ளர்கள் லேக்டவுனில் ஏன் தங்கினார்கள் என்பது தொங்கும். அஸோக்கை எடுத்தால் தோரினைக் கொல்ல ஆளில்லை. போதாததற்கு ஹோவர்ட் ஷோரின் இசை ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு வழிந்து ஓடும், நடுவில் வெட்டினால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

எந்தப் பதிப்பானாலும் இரண்டு இடங்களில் போனைக் கீழே வைத்துவிடுங்கள். போர் முடிந்த பிறகு பில்போ தனியாக உட்கார்ந்திருப்பான். மந்திரவாதி கேண்டால்ஃப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பைப்பைக் குடைகிறார், தட்டுகிறார், மறுபடி குடைகிறார். இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அடுத்தது வீடு திரும்பிய இடம். அவன் செத்துவிட்டதாக நினைத்து வீட்டுச் சாமானையெல்லாம் ஏலம் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீதான் பில்போ என்பதற்கு அத்தாட்சி கேட்க, ஒப்பந்தத்தை நீட்டுகிறான். இதில் கையெழுத்திட்ட தோரின் யார் என்கிறார் ஏலக்காரர். பில்போவாக நடித்த மார்ட்டின் ஃப்ரீமேன் ஒரு கணம் தடுமாறி, என் நண்பன் என்று மட்டும் சொல்கிறார். படத்தை விடாமல் திட்டுகிறவர்கள்கூட இந்த இரண்டையும் விட்டுக்கொடுப்பதில்லை.

அதன் பிறகு கதவு தட்டும் சத்தத்தோடு படம் நேரே 'ரிங்ஸ்' வரிசையின் முதல் படமான 'ஃபெலோஷிப்' தொடக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கையோடு அதைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: அதன் முன்கதையில் மோதிரத்தைக் கண்டெடுக்கும் பில்போ ஃப்ரீமேன் அல்ல, இயன் ஹோம். அது 2001இல் வந்த படம், முதல் ஹாபிட் படத்தில் பார்த்த காட்சியோடு அச்சு அசலாகப் பொருந்தாது.