கம்ப்யூட்டர் கேள்வி - பதில்: தமிழ்ப் பெயருள்ள பாட்டு மட்டும் ஏன் வருவதில்லை?

கேள்வி: ஐயா, பினாங்கு லிட்டில் இந்தியாவில் அப்பா வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அங்கே பாட்டு போடுவதற்கு ஒரு பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒரே ஃபோல்டரில் சுமார் 41,000 பாட்டுகள். பாஷ் (லினக்ஸில் கட்டளைகளை இயக்கும் நிரல்) ஸ்கிரிப்டில் எல்லாக் கோப்புகளையும் அரேயில் (வரிசைப் பட்டியலில்) போட்டு, 'ராண்டம்' குத்துமதிப்பாகத் தரும் எண்ணை மொத்த எண்ணிக்கையால் வகுத்து, மீதி காட்டும் பாட்டை எடுக்கிறேன். தமிழ் எழுத்தில் பெயர் வைத்த பாட்டு ஒன்றுகூட வருவதில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பட்டியலைக் கலைத்து அடுக்கும் 'சார்ட் ஹைஃபன் பெரிய ஆர்' கட்டளையைப் போடச் சொல்கிறார் நண்பர். போடலாமா?
- வாசகர், ஜார்ஜ் டவுன்

பதில்: தம்பி, பாஷின் 'ராண்டம்' 0 முதல் 32,767 வரைதான் எண் தரும். உங்களிடம் இருப்பதோ 41,000. ஆகவே வகுத்தாலும் அதே எண்தான் மீதியாக வரும். பட்டியலின் கடைசி எட்டாயிரத்துச் சொச்சம் பாட்டுகளுக்கு வாய்ப்பே கிடையாது. பாஷ் பெயர்களை வரிசைப்படுத்தித் தருகிறது. ஆங்கில எழுத்துப் பெயர்கள் முதலில், தமிழ்ப் பெயர்கள் கடைசியில். மாட்டிக்கொண்டது யார் என்று தெரிகிறதா? பாஷ் 5.1இல் வந்த 'எஸ்ராண்டம்' 32 பிட் எண் தரும். அதைப் போட்டாலே தமிழ்ப் பாட்டு வந்துவிடும். ஆனால் பாட்டுக்கு முன்னால் வரும் அந்தச் சத்தமில்லா இடைவெளி போகாது. ஒரு பாட்டுக்காக ஒவ்வொரு முறையும் 41,000 பெயரையும் படித்து அடுக்குவது வீண் வேலை.

நண்பர் சொன்ன 'சார்ட்' கட்டளையும் முழுப் பட்டியலையும் அடுக்கத்தான் செய்யும். பட்டியலிலிருந்து குலுக்கி எடுக்கும் 'ஷஃப்' கட்டளை போதும். அதற்கு 'ஹைஃபன் என் 200' கொடுத்தால், குழாய் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் வழி) வழியே வரும் முதல் 200 பெயர்களை வைத்துக்கொள்ளும். 201ஆவது பெயர் உள்ளே வர 201இல் 200 பங்கு வாய்ப்பு. வந்தால் இருப்பதில் ஏதோ ஒன்று வெளியே போகும். 41,000ஆவது பெயருக்கு 41,000இல் 200 பங்கு. கடைசியில் எல்லாப் பாட்டுக்கும் சம வாய்ப்பு, நினைவகத்தில் இருப்பதோ 200 பெயர்தான். பாட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் கடை திறந்ததிலிருந்து மூடும்வரை தாங்கும். ஒரே பாட்டு திரும்பவும் வராது.

பட்டியலை, கோப்புகளைத் தேடித் தரும் 'ஃபைண்ட்' மூலம் எடுங்கள். 'ஹைஃபன் டைப் எஃப்' போட்டால் ஃபோல்டர்கள் நடுவில் வராது. பெயர்களை நல் பைட்டால் (மதிப்பு பூஜ்ஜியமான குறி) பிரித்துத் தரும் 'ஹைஃபன் பிரிண்ட்ஜீரோ'வை மறக்காதீர்கள். ஷஃபுக்கு 'ஹைஃபன் இசட்' அதற்கு ஜோடி. கோப்புப் பெயரில் புதுவரிக்குறிகூட இருக்கலாம், வரக்கூடாதவை சாய்கோடும் நல் பைட்டும் மட்டுமே. அதனால் நல்லை வைத்துப் பிரிப்பதுதான் பத்திரம். கோப்புப் பெயர்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையின் வெளியீட்டை நம்பி இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

அப்புறம், பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கும் 'வைல் ரீட்' சுழலுக்குள் பிளேயரை ஓட்டும்போது பிளேயரின் உள்ளீட்டை 'டெவ் நல்' (படித்தால் எதுவுமே கிடைக்காத வெற்றுக் கோப்பு) பக்கம் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் சில பிளேயர்கள் மீதிப் பட்டியலைத் தாமே படித்து விழுங்கிவிடும். முதல் பாட்டோடு ஸ்கிரிப்ட் நின்றுவிடும்.