சின்ன எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு? கேள்வி பதில்

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் கேம் ஆட நினைக்கிறவர்கள் கேட்டவை இவை. எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் தரும் பவர் சப்ளை பெட்டி.

கேள்வி: அண்ணா, சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் டெல் ஆப்டிபிளெக்ஸ் 3020 வாங்கினேன். சின்ன கேபினெட், ஐ5 4590 பிராசஸர், 255 வாட் எஸ்எம்பிஎஸ். எந்த கார்டு போடலாம்?

பதில்: நல்ல பெட்டிதான் தம்பி. கார்டுக்குத் தனி பவர் கேபிள் வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 6 பின், 8 பின் கேபிள் இருக்காது. ஆகவே ஸ்லாட் கரண்டிலேயே ஓடுகிற கார்டுதான் சரி.

என் முதல் தேர்வு 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, 70 வாட்தான். அதே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு. அது 130 வாட், 8 பின் கேபிள் கேட்கும். கடையில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றால் நம்பாதீர்கள். பட்ஜெட் இடித்தால் ஜிடிஎக்ஸ் 1650. அதிலும் சில மாடல்களில் 6 பின் சாக்கெட் இருக்கும். கார்டின் மேல் விளிம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கணக்கு இதுதான்: பிராசஸர் 84 வாட், கார்டு 70, போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேனுக்கு 40 என்று வைத்தாலும் 200க்குள் நிற்கிறது. சின்ன கேபினெட் என்பதால் லோ புரொஃபைல், அதாவது உயரம் குறைந்த கார்டாக இருக்க வேண்டும். இரண்டு ஸ்லாட் தடிமனுக்கு இடம் உண்டா என்று மூடியைத் திறந்து அளந்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் ஆர்டிஎக்ஸ் 3060 சும்மா இருக்கிறது. ஹார்டு டிஸ்க்குக்குக் கரண்ட் தரும் சாட்டா கேபிளிலிருந்து கார்டுக்கு மாற்றுகிற அடாப்டர் கிடைக்கிறதே, போடலாமா சார்?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஒரு சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மொத்தம் 54 வாட். ஒரு 6 பின் சாக்கெட்டே 75 வாட் வரை இழுக்கலாம், 8 பின் என்றால் 150. பிளாஸ்டிக் உருகி, தீப்பிடிக்கிற அளவுக்குப் போகும். 3060 கார்டு 170 வாட். அதற்கு என்விடியா சொல்வதே 550 வாட் எஸ்எம்பிஎஸ்.

கேள்வி: சாஃப்ட்வேரில் கார்டின் பவர் லிமிட்டைக் குறைத்தால்?

பதில்: கேபிள் அப்போதும் வேண்டும். அந்த லிமிட் விண்டோஸ் வந்த பிறகுதான் வேலை செய்யும். கண்சிமிட்டும் நேரத்துக்கு கார்டு கூடுதலாக இழுப்பதும் நிற்காது.

கேள்வி: கேபினெட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கிறது. கேம் தொடங்கியதும் பிசி பட்டென்று அணைந்துவிடுகிறது. ஏன்?

பதில்: பெட்டியில் போட்ட 450ஐ மறந்துவிட்டு, பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். பிராசஸரும் கார்டும் பெரும்பாலும் அதிலிருந்துதான் குடிக்கின்றன. 14 ஆம்பியர் என்றிருந்தால், 12ஆல் பெருக்கினால் 168 வாட்தான். மீதியெல்லாம் 3.3, 5 வோல்ட் கணக்கு, கார்டுக்கு உதவாது. லோடு தாங்காமல் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள அணைகிறது என்பதே என் சந்தேகம். கேபினெட்டோடு இலவசமாக வந்ததை நம்பி கார்டு மாட்டாதீர்கள், நல்ல 450 வாட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஆர்எக்ஸ் 6400, 53 வாட்தானாமே?

பதில்: கரண்டில் சிக்கனம், ஒற்றை ஸ்லாட் லோ புரொஃபைலிலும் கிடைக்கிறது. ஆனால் ஸ்லாட்டோடு டேட்டா போய்வரும் பாதை, அதாவது லேன், நான்கு மட்டுமே. பழைய மூன்றாம் தலைமுறை பிசிஐஇ ஸ்லாட்டில் போட்டால், 4 ஜிபி மெமரி நிரம்பியதும் கேம் திக்கித் திக்கி ஓடும். வீடியோவைச் சுருக்கி அனுப்ப உதவும் என்கோடரும் இல்லை. ஸ்ட்ரீம் செய்கிறவர் 1650 பக்கம் போகலாம்.

கேள்வி: ஆப்டிபிளெக்ஸ் 3020இல் எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிட்டால்?

பதில்: போர்டில் கரண்ட் வாங்கும் சாக்கெட் வழக்கமான 24 பின் அல்ல, டெல்லின் சொந்த 8 பின். மாற்று கேபிள் தனியாக வாங்க வேண்டும். சின்ன கேபினெட்டில் சாதாரண எஸ்எம்பிஎஸ் உட்காரவும் உட்காராது. டவர் வடிவம் வைத்திருந்தால் மட்டும் முயலுங்கள்.