வாங்கின வில்லும் வாங்கின அடியும்

கேள்வி: ஆங்கிலத்தில் ‘கெட்’ என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு எல்லாக் காரியத்தையும் முடித்துவிடுகிறார்கள். ‘வளமான’ தமிழில் அப்படி ஒரு சொல் இல்லையே, ஏன்? (வாசகர், தென்காசி)

பதில்: ‘வளமான’ என்று மேற்கோள் குறி போட்டு ஒரு குத்து விட்டிருக்கிறீர்கள். வாங்கிக்கொண்டேன். பார்த்தீர்களா, கத்திரிக்காயும் வாங்கலாம், குத்தும் வாங்கலாம். அடி, திட்டு, கடன், பட்டம், நல்ல பெயர் எல்லாம் வாங்குகிற சரக்குதான். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சோம்பேறியிடம் வேலை வாங்குகிறோம். மருமகள் மாமியாரைப் பழி வாங்குகிறாள்; மாமியார் அவள் உயிரை வாங்குகிறாள். கடல் உள்வாங்குகிறது, வேட்பாளர் பின்வாங்குகிறார். பழைய பாட்டில் ‘வாங்குவில்’ என்று வந்தால் அது கடையில் வாங்கிய வில் அல்ல, வளைந்த வில். இவ்வளவையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ‘இல்லையே’ என்கிறீர்கள்.

‘சட்டையைத் தைத்து வாங்கினேன்’ என்பதில் உள்ள ‘வாங்கு’ அப்படியே ‘கெட்’தான்: ‘ஐ காட் மை ஷர்ட் ஸ்டிச்ட்’. நம்மவர்கள் சறுக்கும் இடமும் இதுதான். பொருளை முன்னே வைத்தால் பின்னால் வருவது முடிந்த வினை: ‘காட் த ஃபேன் ரிப்பேர்ட்’. ஆளை முன்னே வைத்தால் நடுவில் ‘டு’ வேண்டும்: ‘காட் ஹிம் டு ரிப்பேர் த ஃபேன்’. ‘மேக்’, ‘ஹேவ்’ இரண்டுக்கும் அந்த ‘டு’ ஆகாது. ‘மேட் ஹிம் டு ரிப்பேர்’ என்று எழுதுகிறவர்கள் இங்கே விட்ட ‘டு’வை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள்.

இன்னொரு சறுக்கல், பஸ்ஸில். நமக்கு எதிலிருந்தும் ‘இறங்கு’தான். அவர்களுக்கு, எழுந்து நடக்க இடமுள்ள பஸ், ரயில், விமானம், கால் போட்டு உட்காரும் சைக்கிள், குதிரை இவற்றுக்கெல்லாம் ‘கெட் ஆஃப்’. காருக்கு ‘கெட் அவுட்’. மரம், ஏணி, மதில் என்றால்தான் ‘கெட் டவுன்’. நம் கண்டக்டர் ‘கெட் டவுன், கெட் டவுன்’ என்று கத்தினால் லண்டன்காரர் இறங்க மாட்டார். யாரோ சுடுகிறார்கள் என்று சீட்டுக்கடியில் படுத்துவிடுவார்.

‘வாங்கு’ எட்டாத இடமும் உண்டு. ‘காட் வெட்’ நனைந்தான், ‘காட் ஓல்ட்’ கிழவன் ஆனான், ‘காட் ஆங்ரி’ கோபம் வந்தது. கடைசியில் உள்ள ‘வந்தது’ வேடிக்கையானது. நமக்குக் கோபம், காய்ச்சல், கடிதம், தூக்கம் எல்லாம் தாமே வருகின்றன. ஆங்கிலத்தில் ஆள்தான் எழுவாய். நமக்குச் சளி பிடிக்கிறது; வெள்ளைக்காரரோ சளியைப் பிடிக்கிறார்.

‘கெட்’ போட்டால் கட்டுரை கெட்டது என்று சிவப்பு மையில் வெட்டும் ஆங்கில வாத்தியார்களோடு எனக்குப் பழைய பகை உண்டு. ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’ என்று மாற்றினால் மதிப்பெண்ணாம். அவை பிரெஞ்சு வழி வந்த விருந்தாளிகள். ‘கெட்’ வடக்கிலிருந்து கப்பலேறி வந்த வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்து வீட்டோடு தங்கிவிட்ட சம்பந்தி. ‘ஃபர்கெட்’, ‘பிகெட்’ எல்லாம் அதன் உறவு. ‘காட்’ என்பதற்குப் பதில் அமெரிக்கர் ‘காட்டன்’ (பருத்தி அல்ல, ‘கெட்’டின் முடிந்த வடிவம்) என்றால் கொச்சை என்பார்களே, 1611-இல் வந்த ஜேம்ஸ் அரசர் பைபிளில் காயீன் பிறந்ததும் ஏவாள் சொல்வது அந்தக் ‘காட்டன்’தான். தமிழ் வேதாகமத்தில் அந்த இடம்: ‘கர்த்தரால் ஒரு மனுஷனைப் பெற்றேன்’. பிள்ளை பெறுவதும் பரிசு பெறுவதும் நமக்கு ஒரே வினை. அந்தக் கால ஆங்கிலத்தில் ‘கெட்’டுக்கும் இரண்டு பொருளும் உண்டு.

இவ்வளவு அழகான ‘பெறு’வை நம் அலுவலகங்கள் படுத்தும் பாடுதான் பொறுக்கவில்லை. ‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்.’ கிடைத்தது ஒரு ‘கெட்’, பெற்றது ஒரு ‘கெட்’. வந்ததோ ஒரே கடிதம்.