அந்தப் பையன் சரியாத்தான் எழுதியிருக்கான்

"அன்புள்ள மேடம், நான் பி.எட். ரெண்டாவது வருஷம், மேஜர் இங்கிலீஷ். இப்ப ஒரு கவர்மென்ட் ஹைஸ்கூல்ல 16 வாரம் இன்டர்ன்ஷிப், ஒன்பதாம் கிளாஸ் குடுத்திருக்காங்க. காலேஜ்ல படிச்ச எதுவும் இங்க வேலைக்கு ஆகல. டைரக்ட் மெத்தட்ல, தமிழே இல்லாம எடுத்தா பசங்க முழிக்கிறாங்க, பைலிங்குவல் மெத்தட்ல, தமிழும் கலந்து எடுத்தா தமிழ் பீரியட் மாதிரி ஆயிடுது. எது சரி மேடம்? இதுக்கு நடுவுல டெட்டுக்கு, அந்த டீச்சர் எலிஜிபிலிட்டி டெஸ்டுக்கு, எப்பலேர்ந்து படிக்கணும்னும் சொல்லுங்க. பசங்க லெவல் எப்படின்னா, 'ஒய் டு யூ லைக் சண்டே?'ன்னு அஞ்சு வரி எழுதச் சொன்னேன், ஒருத்தன் 'ஐ நோ லைக் சண்டே. சண்டே மை கோட் டே'ன்னு எழுதிக் குடுத்தான், கோட்னா ஆடு. ஸ்டாஃப் ரூம்ல காட்டினேன், எல்லாரும் சிரிச்சுட்டாங்க. இவங்களுக்கு எங்கேர்ந்து மேடம் ஆரம்பிக்கிறது? என் லெசன் பிளான் அனுப்பட்டுமா?"

அன்புள்ள எஸ்,

என் பொண்ணு வயசு உனக்கு, அதனால நீன்னே எழுதறேன். மெயிலுக்கெல்லாம் ஒரு வாரம் கழிச்சுத்தான் பதில் போடுவேன், உன்னோடதுக்கு அன்னைக்கு ராத்திரியே உக்காந்துட்டேன். காரணம் நீ கேட்ட கேள்வி இல்ல, அந்தக் கோட் டே.

மெத்தட் விஷயத்தை முதல்ல முடிச்சுடறேன். பைலிங்குவல் மெத்தடை டாட்சன்னு ஒருத்தர் வேல்ஸ்ல உக்காந்து 1967ல புக்கா போட்டாரு, அதுல டீச்சர் அர்த்தத்துக்கு மட்டும் அளவா தாய்மொழி பேசலாம், வரிக்கு வரி மொழிபெயர்த்து ஒப்பிக்கிறதுக்குப் பேரு அது இல்ல. புரியலன்னா தமிழ்ல சொல்லு, புரிஞ்சதும் இங்கிலீஷுக்கு வா, இதுக்கு மேல இதுல யோசிக்க ஒண்ணும் கிடையாது. டெட் 150 கேள்வி, நாலு சாய்ஸ்ல ஒண்ணை டிக் பண்றது, இன்டர்ன்ஷிப் முடிஞ்சதும் படிச்சுக்கோ, இப்ப அந்த கைடை பேக்ல வச்சுக்கிட்டு கிளாசுக்குப் போகாத.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஏம்மா, அதை ஸ்டாஃப் ரூமுக்கு ஏன் எடுத்துட்டுப் போன?

உன் கேள்வியை நீயே திரும்பப் படி. உனக்கு ஏன் சண்டே பிடிக்கும். அதாவது பிடிக்கும்னு நீயே முடிவு பண்ணிட்ட. மத்த பசங்க டிவி, கிரிக்கெட், சிக்கன்னு எழுதியிருப்பாங்க, பாதிப் பேரு பக்கத்து நோட்டைப் பாத்து எழுதியிருப்பாங்க. இவன் ஒருத்தன்தான் கேள்வியைப் படிச்சிருக்கான். படிச்சுட்டு, இல்ல டீச்சர், எனக்குப் பிடிக்காது, அன்னைக்கு நான் ஆடு மேய்க்கணும்னு சொல்லியிருக்கான். மறுப்பு இருக்கு, காரணம் இருக்கு, எட்டே வார்த்தை. எம்.ஏ. படிச்சவங்க பேப்பர்லயே இவ்வளவு நேரா ஒரு வாதம் வராது, நான் திருத்தியிருக்கேன்.

இது உன் தப்பு மட்டும் இல்லன்னு எனக்குத் தெரியும். மைக்ரோ டீச்சிங், அதான் ஒரே ஒரு ஸ்கில்லை எடுத்து குட்டிப் பாடமா நடத்திப் பாக்கறது, பண்ணியிருப்பல்ல? 6 நிமிஷம் டீச், 6 ஃபீட்பேக், 12 ரீபிளான், 6 ரீடீச், மறுபடியும் 6 ஃபீட்பேக், ஆக மொத்தம் 36 நிமிஷம். ஸ்டான்ஃபோர்ட்ல 1960கள்ல கிளம்பி நம்ம ஊர் பி.எட். ரெக்கார்டு நோட் வரைக்கும் வந்து சேந்த விஷயம். அதுல பசங்களா யாரு உக்காந்தா? உன் கிளாஸ்மேட்டுங்க. கேள்வி கேட்ட உடனே கை தூக்குவாளுங்க, ஏன்னா அடுத்தது அவ டர்ன், அவளுக்கு நீ கை தூக்கணும். பதில் தப்பா வராது, தயங்கி வராது, பாதியில நிக்காது. இன்ட்ரொட்யூஸ் பண்ற ஸ்கில், ப்ரோபிங் ஸ்கில், பிளாக்போர்டு ஸ்கில் எல்லாத்துக்கும் பக்கம் இருக்கு, பதினாலு வயசுப் பையன் வாயைத் திறக்காம தலையைக் குனிஞ்சு நிக்கிறப்ப என்ன பண்றதுன்னு ஒரு பக்கம் இருக்கா? நாம எப்படிப் பேசணும்னுதான் ரெண்டு வருஷமும் சொல்லிக் குடுக்கறாங்க, அவன் சொல்றதை எப்படி வாங்கிக்கணும்னு ஒரு நாள் கூட பிராக்டிஸ் இல்ல. நான் படிச்சப்ப பி.எட். ஒரே வருஷம். 2015லேர்ந்து ரெண்டு வருஷம் ஆக்கினாங்க, அந்தக் கூடுதல் வருஷமாவது இதுக்குப் போகும்னு நம்பினேன், ரெக்கார்டு நோட்டு எண்ணிக்கைதான் கூடியிருக்கு, வருஷா வருஷம் என்கிட்ட வர்ற பசங்களைப் பாத்துத்தான் சொல்றேன்.

அந்த வயசை நினைச்சுப் பாரு. குரல் உடையுது, மீசை அரும்புது, பக்கத்து பெஞ்சுல பொண்ணுங்க. என் கிளாஸ்ல ஒருத்தன் 'ஐலண்ட்'டை 'இஸ்லேண்ட்'னு படிச்சுட்டான். பத்தாவது முடிஞ்சு டிசி வாங்குற வரைக்கும் அவன் பேரு இஸ்லேண்டு. அப்புறம் அவன் கிளாஸ்ல வாய்விட்டு ஒரு வரி படிச்சு நான் கேக்கல. பேசாத பசங்கள்ல நெறைய பேரு இங்கிலீஷ் தெரியாம பேசாம இல்ல, பட்டப்பேருக்குப் பயந்து பேசாம இருக்காங்க. 1970கள்ல அமெரிக்காவுல மேரி பட் ரோன்னு ஒரு அம்மா சயின்ஸ் கிளாஸ்களை டேப்ல பதிஞ்சு கேட்டாங்க. கேள்வி கேட்டுட்டு டீச்சருங்க காத்திருந்தது சராசரியா ஒரே ஒரு செகண்டு. அதை மூணு செகண்டுக்கு மேல நீட்டினதும் பதில் நீளமாச்சு, வழக்கமா பேசாத பசங்களும் பேசினாங்க. அது அவங்க சொந்த மொழியில. நம்ம பையன் தமிழ்ல நினைச்சு, வார்த்தை தேடி, கோத்து, பின்னாடி எவனாவது சிரிக்கிறானான்னு பாத்துட்டு வாயைத் திறக்கணும். மூணு செகண்டு எங்க பத்தும்? பத்து வரைக்கும் மனசுல எண்ணு.

உன்னைத் திட்டற தகுதி எனக்கு எப்படி வந்துச்சுன்னும் சொல்லிடறேன். 1994, நாமக்கல் பக்கம் ஒரு ஸ்கூல்ல டீச்சிங் பிராக்டிஸ். 'எ விசிட் டு எ ஹில் ஸ்டேஷன்' பாராகிராஃப் எழுதச் சொன்னேன். நாப்பது நோட்டுலயும் 'ஊட்டி இஸ் த குவீன் ஆஃப் ஹில் ஸ்டேஷன்ஸ்', நோட்ஸ்லேர்ந்து அப்படியே. அதுல முக்காவாசிப் பசங்க ஊட்டியைக் கண்ணால பாத்ததில்ல. ஒரு நோட்டுல மட்டும் வேற. அப்பாகூட லாரியில மலை ஏறினதை எழுதியிருந்தான். கடைசி மூணு வரி இப்பவும் ஞாபகம் இருக்கு: 'மை ஃபாதர் ஸ்லீப் இன் லாரி. ஐ ஆல்ஸோ ஸ்லீப். ஆல் நைட் ரெயின் நோ ஸ்லீப்.' மழை மட்டும் தூங்கலையாம். நான் என்ன பண்ணேன் தெரியுமா, சிவப்பு ரீஃபில்ல பதினோரு சுழி போட்டேன், அடியில 'ரீரைட்'னு எழுதிக் குடுத்தேன். அடுத்த வாரம் தப்பே இல்லாம எழுதிட்டு வந்தான். 'ஊட்டி இஸ் த குவீன் ஆஃப் ஹில் ஸ்டேஷன்ஸ்.' நான் 'குட்' போட்டேன். அப்சர்வேஷனுக்கு வந்தவங்க அந்த ரெண்டு பக்கத்தையும் பாத்துட்டு நல்ல இம்ப்ரூவ்மென்ட்னு என் ரெக்கார்டுல எழுதினாங்க. எனக்கும் அன்னைக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பல வருஷம் கழிச்சு ஒரு மழை ராத்திரி பஸ்ல போறப்பதான் அந்த வரி திடீர்னு ஞாபகம் வந்துச்சு, அன்னைக்கு எனக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல.

கிராமர் வேண்டாம்னு சொல்றேன்னு எடுத்துக்காத, அந்தப் பேச்சே எனக்குப் பிடிக்காது. கிராமர் தெரியாம அனுப்பினா நாளைக்கு இன்டர்வியூல நிக்கப் போறது அவன், நாம இல்ல. ஆனா எல்லாத் தப்பையும் ஒரே நாள்ல சுழிக்காத. உன் ஆட்டுக்காரப் பையனுக்கு இன்னைக்குத் தேவை ரெண்டே சாமான், 'டோன்ட்', 'பிகாஸ்'. பக்கத்துல உக்காந்து, 'ஓ, யூ டோன்ட் லைக் சண்டே? பிகாஸ் யூ டேக் த கோட்ஸ் அவுட்?'னு அவன் சொன்னதையே சரியான இங்கிலீஷ்ல திருப்பிச் சொல்லு. யெஸ் மிஸ்னு நிமிருவான். அதை அவனே எழுதட்டும். அப்புறம், அவன் சரின்னு தலையாட்டினா மட்டும், போர்டுல அந்த வரியை எழுதிட்டு மத்தவங்களைக் கேளு, வேற யாருக்கெல்லாம் சண்டே பிடிக்காதுன்னு. கடையில நிக்கிற பொண்ணு இருப்பா, தம்பியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கிறவ இருப்பா, தறியில உக்கார்றவன் இருப்பான். எல்லாருக்கும் 'பிகாஸ்' வேணும். நீ தெர்மாகோல்ல வெட்டி ஒட்டின கன்ஜங்ஷன் சார்ட்டுல நிக்காதது அங்க நிக்கும்.

பாடத்துல வர்ற கவிதைக்கும் இதையே பண்ணு. அர்த்தத்தை நீயே சொல்லி முடிச்சுட்டு ரைமிங் வேர்ட்ஸுக்கு அடிக்கோடு போடச் சொல்லாத. ரெண்டு தடவை சத்தமா படி, எந்த வரி புடிச்சுது, எது எரிச்சலா இருந்துச்சுன்னு கேளு, தமிழ்ல சொன்னாலும் வாங்கிக்கோ, நீ இங்கிலீஷ்ல போர்டுல எழுது. இதுக்கு நீ அந்தக் கவிதையை கைடு இல்லாம படிச்சிருக்கணும், அது தனிச் சண்டை, இன்னொரு நாள் போடலாம்.

நாளைக்கு முதல் பீரியடா? அவன்கிட்ட போய் 'ஹௌ மெனி கோட்ஸ்?'னு கேளு, கேட்டுட்டு பத்து எண்ணு. லெசன் பிளான் அனுப்பட்டுமான்னு கடைசியில கேட்டிருந்தியே, அது வேண்டாம். எத்தனை ஆடுன்னு எழுது.