12ஐ 1500 ஆக்கி, திரும்ப 125 ஆக்குவானேன்?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் மண் சரியக்கூடிய மேட்டில் நாங்களே செய்த மழைமானி ஒன்றை வைத்திருக்கிறோம். ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்னக் கணினிப் பலகை, சின்ன சோலார் பனல், ஒரு லித்தியம் பற்றரி. ஜூன், ஜூலையில் மூடுபனி இறங்கினால் பற்றரியும் இறங்கிவிடுகிறது. பெரிய பனல் வாங்குவதா?
– வாசகர், தலவாக்கலை

பனலை விடுங்கள், பெரிய பனலுக்கும் அதே மூடுபனிதான். செலவைப் பாருங்கள். பிக்கோவுக்குக் கடிகாரத் துடிப்பைத் தரும் கிறிஸ்டல் வெறும் 12 மெகாஹேர்ட்ஸ். பழைய வழக்கமான அமைப்பில் சில்லுக்குள் இருக்கும் பி.எல்.எல். (துடிப்பின் வேகத்தைப் பெருக்கித் தரும் சுற்று) அதை 125ஆல் பெருக்கி 1500 மெகாஹேர்ட்ஸில் ஒரு ஒஸிலேற்றரை (துடிப்பை உண்டாக்கும் சுற்றை) ஓடவிட்டு, பிறகு 6ஆலும் 2ஆலும் வகுத்து 125 மெகாஹேர்ட்ஸாக வெளியே தருகிறது. இவ்வளவு உயரம் ஏறி இறங்குவது எதற்கென்றால், உள்ளே வேகம் கூடினால் ஜிட்டர் குறையும், அதாவது துடிப்பின் விளிம்பு நேரத்துக்கு வராமல் முன்னே பின்னே ஆடுவது குறையும். அதற்கு விலை வலு. மழை வாளி எத்தனை தரம் கவிழ்ந்தது என்று எண்ணுகிற வேலைக்கு அந்தச் சுத்தம் எதற்கு? 12ஐ 70ஆல் பெருக்கினால் 840, அதை 7ஆல் வகுத்தால் 120 மெகாஹேர்ட்ஸ். கிட்டத்தட்ட அதே வேகம், ஒஸிலேற்றருக்குப் பாதிக்குச் சற்றுக் கூடிய ஓட்டம்தான்.

உண்மையில் உங்களுக்கு அதுவும் வேண்டாம். இரண்டு பி.எல்.எல். இருக்கின்றன, ஒன்று சிஸ்டத்துக்கு, மற்றது யூ.எஸ்.பி.க்கு 48 மெகாஹேர்ட்ஸ் தர. இரண்டையும் அணைத்து, நேரே 12இல் ஓடவிடுங்கள். வேகம் இறங்கிய பிறகு உள் அழுத்தத்தையும் 1.10 வோல்ற்றிலிருந்து 0.95க்கு இறக்கிப் பார்க்கலாம். வலு அழுத்தத்தின் வர்க்கத்தோடு போவதால் அதிலேயே மேலும் கால்வாசி மிச்சம். மழையில்லாத நேரத்தில் கிறிஸ்டலையே நிறுத்தி உறங்கவைத்து, வாளி கவிழும் சிக்னலில் மட்டும் எழுப்பினால் இன்னும் நல்லது. இரண்டு இடத்தில் கவனம்: மண் ஈரத்தை ஏ.டி.சி. (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) வழியாக வாசிக்கிறீர்கள் என்றால் வழக்கமாக அந்த 48 மெகாஹேர்ட்ஸ்தான் அதற்கும் போகிறது, அப்போது மட்டும் அதைப் போட்டு அணையுங்கள். கடிகாரத்தை மாற்றியதும் சீரியல் போர்ட்டின் வேகத்தைத் திரும்ப அமைக்க மறந்தால், மோடத்துக்குக் குப்பை எழுத்துத்தான் போகும்.

கேள்வி: இறுதியாண்டு புரொஜெக்டுக்கு 65 நனோமீற்றர் சில்லுத் தொழில்நுட்பத்தில் 20 மெகாஹேர்ட்ஸை 2.4 கிகாஹேர்ட்ஸ் ஆக்கும் பி.எல்.எல். வடிவமைக்கிறேன். ரிங் ஒஸிலேற்றர் (தலைகீழாக்கும் படிகளை வளையமாகக் கோத்தது). வலு எல்லை தாண்டிவிட்டது. எங்கே வெட்டுவது?
– மாணவி, பேராதனை

தங்கச்சி, முதலில் எந்தப் பகுதி எவ்வளவு தின்கிறது என்று தனித்தனியாக அளந்து எழுதுங்கள். உள்வரும் துடிப்போடு ஒப்பிடும் ஃபேஸ் டிடெக்டர், அந்த வித்தியாசத்தை மின்னோட்டமாக்கும் சார்ஜ் பம்ப் எல்லாம் 20 மெகாஹேர்ட்ஸில் ஓடுபவை, அநேகமாக அவை அற்பம். தின்பவர்கள் இரண்டு பேர்: ஒஸிலேற்றரும், அதன் வேகத்திலேயே ஓடும் முதல் டிவைடரும் (ஒப்பிடுவதற்காக மீடிறனை வகுத்து இறக்கும் சுற்று). டிவைடர் முழுவதையும் கரண்ட் மோட் லொஜிக்கில் செய்திருந்தால் அங்கேதான் ஓட்டை, ஏனென்றால் அது வேகம் குறைந்த கடைசிப் படியிலும் நிலையான மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 65 நனோமீற்றருக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் பெரிய வேகமில்லை, முதல் படியிலிருந்தே, துடிக்கும்போது மட்டும் மின்னோட்டம் இழுக்கும் டைனமிக் லொஜிக் தாங்கும்.

ரிங்தான் சிக்கல். அதன் இரைச்சலை (துடிப்பின் ஆட்டத்தை) 10 டெசிபெல் குறைக்க வேண்டுமென்றால் பத்து மடங்கு வலு கேட்கும். இந்த வியாபாரத்தில் இறங்காதீர்கள். ரிங்கை ஒல்லியாகவே விட்டுவிட்டு அதன் இரைச்சலை லூப்பைக் கொண்டு, அதாவது உள்வரும் துடிப்போடு ஒப்பிட்டு ஒஸிலேற்றரைத் திருத்தும் சுழற்சியைக் கொண்டு, அடக்குவதுதான் மலிவு. லூப்பின் அகலம் (எவ்வளவு விரைவாகத் திருத்துகிறது என்பது) உள்வரும் மீடிறனில் பத்திலொன்று அளவுக்குத்தான் போகலாம் என்பதால் உங்கள் 20 மெகாஹேர்ட்ஸ் கையைக் கட்டிப்போடுகிறது. 40 ஆக்கினால் பெருக்கல் 120இலிருந்து 60ஆக இறங்கும், அகலமும் இரட்டிப்பாகும். கிறிஸ்டலை மாற்ற மேற்பார்வையாளர் சம்மதித்தால் இதைவிடச் சுலபமான வழி இல்லை.

சம்மதிக்காவிட்டால் சப்-சாம்ப்ளிங் முறையைப் படியுங்கள். 2009இல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தார் 0.18 மைக்ரோமீற்றரில் 2.2 கிகாஹேர்ட்ஸ் பி.எல்.எல். ஒன்றை 7.6 மில்லிவொற்றில், 0.15 பிக்கோ செக்கன் ஜிட்டரோடு காட்டினார்கள். அவர்களுடையது சுருளும் கொள்ளளவியும் கொண்ட எல்.சி. ஒஸிலேற்றர் என்பதை மறக்க வேண்டாம், ரிங்கில் அந்த எண்ணை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். ஆனால் சூட்சுமம் உங்களுக்கும் உதவும்: உள்வரும் விளிம்பு வரும்போதெல்லாம் ஒஸிலேற்றரின் அலையை நேரே சாம்பிள் எடுப்பதால் பூட்டிய பிறகு டிவைடரே தேவையில்லை. தவறான மடங்கில் பூட்டிக்கொள்ளாதிருக்க மட்டும் பக்கத்தில் ஒரு மீடிறன் லூப் வேண்டும், பூட்டியதும் அதையும் அணைக்கலாம்.

கேள்வி: டிலே லைனை (துடிப்பைப் படிப்படியாகத் தாமதிக்கும் சுற்றை) வைத்து மீடிறனைப் பெருக்கினால் வலு மிச்சமாகுமாமே?
– வாசகர், பண்டாரவளை

சின்ன மடங்குக்கு ஆகும். ஜிட்டர் சுற்றுக்குச் சுற்று சேராது என்பதால் நல்லதும்கூட. ஆனால் மடங்கு கூடக்கூட டிலே படிகளும் கூடும், ஒவ்வொரு படிக்கும் இடையிலுள்ள சின்ன வித்தியாசம் வெளியே ஸ்பர் ஆக, அதாவது வேண்டாத மீடிறனாகத் தெரியும். நான்கு, எட்டு மடங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: கம்பஸ் கிடைக்கவில்லை, வீட்டில் பழைய லெப்டொப் ஒன்று இருக்கிறது. இதையெல்லாம் செய்து பார்க்க வழியுண்டா?
– வாசகர், ஹட்டன்

உண்டு, காசும் வேண்டாம். கூகுளும் சில்லு தயாரிக்கும் ஸ்கைவோட்டரும் சேர்ந்து 130 நனோமீற்றர் தொழில்நுட்பத்தின் கோப்புகளை 2020இல் திறந்துவிட்டன. இலவச மென்பொருள்களான எக்ஸ்ஸ்கீமில் சுற்றை வரைந்து என்ஜிஸ்பைஸில் ஓட்டலாம். எடுத்த எடுப்பில் முழு பி.எல்.எல்.ஐயும் ஓட்டாதீர்கள், பூட்டும்வரை காத்திருந்தால் லெப்டொப் விடிய விடிய உறுமும். ஐந்து இன்வேர்ட்டர் போட்ட ரிங் ஒன்றை மட்டும் செய்து, அழுத்தத்தை 1.8 வோல்ற்றிலிருந்து 1.2 வரை இறக்கி மீடிறனையும் மின்னோட்டத்தையும் ஒரு தாளில் குறியுங்கள். அந்த வரைபை எனக்கு அனுப்பினால் அடுத்த இதழில் மிச்சத்தைப் பேசுவோம்.