புல்வெட்டும் இயந்திரத்தின் இன்ஜின் அரை மணி நேரத்திலேயே சூடாகி நின்றுவிடுகிறது. எதை முதலில் பார்ப்பது?

தள்ளிச் செல்லும் வகைப் பெட்ரோல் இயந்திரம் என்றும், சூடேறி நின்றபின் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது என்றும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தும் பயனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு கல்லூரி மைதானத்தின் புல்வெட்டிகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில், கார்புரேட்டருக்கு முன்னால் காற்று போகும் வழியைப் பார்த்திருக்க வேண்டும் என்பேன்.

இந்த இன்ஜின்களில் தண்ணீரும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான பிளைவீலின் இறக்கைகள் மேலுள்ள வலை வழியாகக் காற்றை இழுத்து, உறைக்குள் திருப்பி, சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய உலோக விளிம்புகளான ஃபின்களின் இடுக்குகளில் செலுத்துகின்றன. இன்ஜின் நன்றாக ஆறியபின், ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, அந்த உறையின் போல்ட்டுகளை அவிழ்த்துத் தூக்கிப் பாருங்கள். வெளியே பளிச்சென்று துடைத்து வைத்திருக்கும் இயந்திரத்திலும், உள்ளே புல்தூளும் கசிந்த ஆயிலும் சேர்ந்து ஃபின்களுக்கிடையே கம்பளித் துண்டுபோல் அடைந்திருக்கும். சில மாதம் ஓடாமல் கிடந்த இயந்திரமென்றால் எலிக்கூடும் இருக்கலாம். மரக்குச்சியால் கிளறி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம், மிச்சத் தூள் நனைந்து காய்ந்து இன்னும் இறுகிவிடும். உறையைக் கழற்றியே ஓட்டினால் காற்று தாராளமாகப் படும் என்று சொல்வோர் உண்டு. நடப்பது நேர்மாறு: காற்றைச் சிலிண்டருக்குத் திருப்புவதே அந்த உறைதான் என்பதால், அது இல்லாமல் சூடு கூடவே செய்யும்.

அடுத்தது ஆயில். இயந்திரத்தைச் சமதளத்தில் நிறுத்தி அளவைப் பாருங்கள். குறைந்தால் உராய்வு கூடிச் சூடேறும். குறிக்கு மேல் ஊற்றினாலும் ஆயில் நுரைத்து உயவு கெடும். நம் வெயிலுக்குப் பெரும்பாலான இன்ஜின்களில் எஸ்.ஏ.இ. 30 (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) பொருத்தமானது. மழுங்கிய பிளேடும், அடித்தட்டில் ஒட்டிய ஈரப்புல்லும் இன்ஜினுக்கு வீண் சுமை என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சூடு குறையாவிட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். இளம்பழுப்பாக இருந்தால் கலவையில் குறையில்லை. சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை எரிகிறது என்று கொள்ளலாம். அதற்குக் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டின் அடைப்போ, இன்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டின் கசிவோ காரணமாகலாம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும், மாற்ற முடியாத ஜெட் கொண்ட பழைய கார்புரேட்டர்களில், கலவையை அந்தப் பக்கமே சற்றுத் தள்ளுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: நீங்கள் விவரிக்கும் அறிகுறி சூட்டின் மிகுதியாக இல்லாமலும் இருக்கலாம். டேங்க் மூடியிலுள்ள சிறு துளை அடைபட்டால் உள்ளே காற்று புகாமல் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். அடுத்த முறை நின்றதும், சைலென்சர் பக்கம் பெட்ரோல் சிந்தாதபடி மூடியைத் தளர்த்துங்கள்; காற்று உள்ளே போகும் ஓசை கேட்டு, உடனே ஸ்டார்ட்டும் ஆனால், குறை மூடியில்தான். அப்படியில்லையென்றால் டேங்கை இறுக மூடி, இன்ஜின் சூடாக இருக்கும்போதே இன்னொரு பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி இன்ஜினைத் தொடுமாறு வைத்துக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். சூட்டில் பொறி வராமல், ஆறியபின் வருமானால் பொறிக்கான மின்சாரத்தைத் தரும் இக்னிஷன் காயில் போய்விட்டது. புதிது மாட்டும்போது காயிலுக்கும் பிளைவீல் காந்தத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன் அளவு இடைவெளி விடுங்கள். பொறியும் பெட்ரோலும் இருந்தும், சூட்டில் கயிறு வழக்கத்தைவிட லேசாக இழுபட்டால் வால்வு சரியாக மூடுவதற்கென விடப்படும் வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டியிருக்கும். அதை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.